சுருக்கென்றால் யார் பொறுப்பு?

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலறை மூலையில் நிற்கும் கிரைண்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் உடலைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை வாட், யார் செய்தது, வரிசை எண் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். எத்தனை இருக்கின்றன, எத்தனை இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிரைண்டர் நம் ஊர்ச் சொத்து. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பெருகின. அந்த மண்ணில்தான் 1955-இல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்மோட்டார் பூட்டினார். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் கோவை மோட்டாரும் சேர்ந்தால் கிரைண்டர். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் பௌதிகம் படித்தவன் கண்ணுக்கு அதிலே ஒரு விபரீதச் சேர்க்கையும் தெரியும். மேலே உப்புக் கரைந்த மாவு. கீழே 230 வோல்ட் மோட்டார். நடுவே சுழலும் அச்சு. பக்கத்தில் ஈரக் கையும் வெறுங்காலுமாக நம் அம்மா. மின்சாரம் ஆபத்தாவதற்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வந்தார். கணபதிப் பகுதியில் நான்கைந்து பேரை வைத்துக் கிரைண்டர் பூட்டி விற்பவர். அன்னூர்ப் பக்கம் அவரிடம் வாங்கிய ஒரு மூதாட்டி, “செருப்புப் போட்டா ஒண்ணுமில்லீங்க தம்பி, வெறுங்காலோட நின்னாத்தான் சுருக்குங்குது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவர் போய்ப் பார்த்து, “ஈரக் கையோடு தொடாதீங்க அம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த மனசுக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சுருக்கென்பது என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார்ச் சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே மின்காப்பு இருக்கிறது. அது நல்ல நிலையில் இருந்தால் அதன் மின்தடை பல மெகா ஓம். அச்சு வழியே நீர் கசிந்து அது ஒரு லட்சம் ஓமுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்கும் உடலின் தடை 1500 ஓம். இரண்டும் தொடரிணைப்பு. 230-ஐ 1,01,500-ஆல் வகுத்தால் சுமார் 2.3 மில்லி ஆம்பியர். சுருக்கென்று இருக்கும், கையை எடுத்துவிடலாம். மறுநாள் நீர் இன்னும் கொஞ்சம் இறங்கி மின்காப்பு 5000 ஓம் ஆகிவிட்டால்? 230-ஐ 6500-ஆல் வகுக்க வேண்டும். 35 மில்லி ஆம்பியர்! பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பலருக்குத் தசை இறுகி, பிடித்த கையை விட முடியாது. 35 என்பது மூச்சுத் தசைகளையே பிடித்துவிடக்கூடிய அளவு.

ஆகவே சுருக்கென்பது சின்ன ஆபத்து அல்ல. பெரிய ஆபத்துத்தான், அன்று அதற்கு ஈரம் போதவில்லை, அவ்வளவே. “எங்க கிரைண்டர் அப்படித்தான், பழகிப்போச்சு” என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்!

இந்த இடத்தில் காப்பாற்ற வேண்டியது எர்த் கம்பி. மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் முனை அதற்குரியது. மற்ற இரண்டுக்கும் முன்னால் அது சேர வேண்டும், அவற்றுக்குப் பின்னால்தான் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அன்னூர் கிரைண்டரைத் திறந்தோம். எர்த் கம்பி இருந்தது. திருகு போட்டு உடலில் இறுக்கியும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் உடலுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்! பெயிண்ட் நல்ல மின்காப்பு அல்லவா? திருகின் மரை மட்டும் இரும்பைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கிரைண்டரின் அதிர்வில் அதுவும் விட்டுப்போயிருக்கிறது.

இதைவிட எனக்குப் பாடமானது அடுத்து நடந்ததுதான். பட்டறையில் புதிதாக நின்ற கிரைண்டர்களைப் போய்ச் சோதித்தோம். மல்டிமீட்டரை எர்த் முனைக்கும் உடலுக்கும் நடுவே வைத்தால் எல்லாமே பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டின. “எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?” என்றார். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 302. அது மல்டிமீட்டரை நம்பச் சொல்வதில்லை. 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்வாயிலிலிருந்து, சாதனத்தின் மின்னோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அல்லது 25 ஆம்பியர், இவற்றில் எது அதிகமோ அதைச் செலுத்திப் பார்க்கச் சொல்கிறது. அப்போது தடை 0.1 ஓமைத் தாண்டக் கூடாது. நாங்களும் எங்கள் ஆய்வகத்து மின்மாற்றியைக் கொண்டுபோய் 25 ஆம்பியர் கொடுத்தோம். சில இயந்திரங்களில் சில விநாடிகளுக்குள் திருகடியில் சூடேறி, அம்மீட்டர் முள் சுழியத்தில் விழுந்துவிட்டது.

ஏன் 25 ஆம்பியர் என்பது இப்போது புரிகிறதா? மல்டிமீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். உண்மையான பழுது வரும்போது பாய்வது ஆம்பியர் கணக்கில். மரப்பாலத்தின் மேல் எறும்பு நடந்துபோனதைப் பார்த்துவிட்டு மாட்டுவண்டியை ஓட்டலாமா?

திருத்தம் மிகச் சுலபம். திருகின் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்கினால் தீர்ந்தது. சில்லறைச் செலவு. இதைச் செய்யாமல் விட்டது லாபத்துக்காகவா? இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதுதான் என் கட்சி.

சிறு தொழிற்சாலைக்காரர் என்றாலே தரத்தில் ஏமாற்றுபவர் என்று பேசுவோர் ஒரு பக்கம். விதி என்றாலே அரசாங்கத்தின் தொல்லை என்று பேசுவோர் மறு பக்கம். இரண்டு பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. தரநூலில் உள்ள ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ நடந்த ஒரு விபத்து இருக்கிறது. 1893-இல் சிகாகோ பொருட்காட்சியில் மின்விளக்குகளைக் கண்டு உலகமே வியந்தபோது, தீப்பிடிக்கும் அபாயத்தைப் பார்த்தவர் வில்லியம் மெரில் என்ற இளம் பொறியாளர். அடுத்த ஆண்டே மின்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வித்திட்டார். அதுவே இன்று உலகம் முழுதும் அறியப்பட்ட யு.எல். நிறுவனம். நம் நாட்டில் 1947-இல் தொடங்கிய இந்தியத் தரநிலைகள் நிறுவனம் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தந்தது. 1987-இல் அந்தப் பணியை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றுக்கொண்டது. பெயர் மாறினாலும் முத்திரை அதேதான். முத்திரையின் தலையில் தரத்தின் எண்ணும், காலடியில் சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத முத்திரை வெறும் படம். அந்த எண்ணை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றுகொண்டே நீங்கள் செய்யலாம். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

விதிகளும் இறுகிக்கொண்டே வருகின்றன. இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் போடும் ஹீட்டர், மின் அடுப்பு போன்றவற்றுக்கு 2003-ஆம் ஆண்டு ஆணையிலேயே முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. வீட்டு மின்சாதனங்களை ஏறக்குறைய முழுமையாக இதற்குள் கொண்டுவரும் ஆணை 2024-இல் வெளியாகி, நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. சிறு, குறு தொழில்களுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொருளின் குறையால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் செய்தவர் பொறுப்பு என்று நேராகவே சொல்கிறது. சரிதான். ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்காரர் என்ன செய்வார்? பெரிய கம்பெனியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கும். இவரிடம் இருப்பது ஒரு மேசை, அதன்மேல் ஒரு காலண்டர். கட்டணத்தில் சலுகை உண்டு, உண்மை. சலுகை கிடைத்துவிட்டால் தரநூல் புரிந்துவிடுமா?

அவகாசம் தருவது மட்டும் உதவியாகாது என்பேன். தேவைப்படும் உதவி வேறு. கோவையில் பம்புகளையும் மோட்டார்களையும் சோதித்துத்தர ‘சிட்டார்க்’ என்ற பொதுச் சோதனைக்கூடம் இருக்கிறது. பெரியவர் சிறியவர் யாரானாலும் தம் பொருளைக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்பது அருமையான ஏற்பாடு. ஆனால் சோதனைக்கூடம் சான்று தருவது அங்கே போன ஒரு மாதிரிக்கு. அன்னூர் மூதாட்டி வாங்கியது அந்த மாதிரியை அல்ல. பட்டறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு கிரைண்டரையும் எர்த் தொடர்புக்கும் மின்காப்புக்கும் மின்கசிவுக்கும் சோதித்தாக வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஓர் ஆள் பட்டறைக்குள்ளேயே வேண்டும். கொங்கு நாட்டில் எத்தனை கல்லூரிகள்! எத்தனை பௌதிக ஆய்வகங்கள்! சனிக்கிழமைகளில் அவற்றில் ஒன்றிரண்டாவது பட்டறைக்காரர்களுக்குத் திறந்திருந்தால் என்ன? எங்கள் துறையில் இதைச் சொன்னபோது, “அது எஞ்சினீயரிங் கல்லூரிக்காரர் வேலை” என்றார்கள். ஓம் விதி யாருடைய வேலை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இனி அந்த வரிசை எண்ணுக்கு வருகிறேன். பெயிண்டின் மேல் எர்த் திருகிட்ட கிரைண்டர்கள் ஏற்கனவே நாற்பது விற்றுப்போயிருந்தன. யாரிடம் என்று பார்க்கப் பதிவேடு இல்லை. இயந்திரங்களில் எண்ணும் இல்லை. கடை கடையாக ஏறி, உத்தரவாத அட்டைகளைப் புரட்டி, அன்னூர், புளியம்பட்டி, அவிநாசி என்று இரண்டு மாதம் அலைந்தார் அந்த மனிதர். முப்பத்தேழு கிடைத்தன. எல்லாவற்றுக்கும் வாஷர் மாற்றிக் கொடுத்தார். மூன்று இன்னும் கிடைக்கவில்லை. பதிவேடு என்றால் இன்ஸ்பெக்டருக்குக் காட்டுகிற நோட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாராம்.

வீட்டுப் பக்கத்துத் தவறையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. கிரைண்டரில் எர்த் சரியாக இருந்தாலும், வீட்டின் எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டால், பழுதின்போது பாய்வது 230-ஐ 50-ஆல் வகுத்த 4.6 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் உருகி அதற்கு உருகாது. கிரைண்டர் உடலோ கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும்! 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற காப்பு சுவிட்சு உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் திறக்க வேண்டாம்.

கடைசியாக மொழி. இந்தியத் தரநூல்களை இப்போது இணையத்தில் பணம் கட்டாமலே எடுத்துப் படிக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் திருகு முடுக்குபவர் படிக்கும் தமிழில் அவை இல்லை. என் மாணவரின் பட்டறைச் சுவரில் ஒட்டுவதற்காக நானே ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே சிக்கல். மின்காப்பின் மேற்பரப்பு வழியாக இரண்டு உலோகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஆங்கிலத்தில் ‘கிரீப்பேஜ்’ என்பார்கள். காற்றின் வழியே நேராக உள்ள தூரம் ‘கிளியரன்ஸ்’. மேற்பரப்பில் மாவுத் தூசும் ஈரமும் படிந்தால் மின்சாரம் அதன்மேல் ஊர்ந்தே போய்விடும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி அளவு உண்டு. என்னென்னவோ சொற்களைப் போட்டுப் பார்த்தேன், அகராதி வாடைதான் அடித்தது. அங்கே வேலை செய்யும் ஒருவர் நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, “பல்லி போற தூரம், குருவி போற தூரமுங்களா?” என்றார். அப்படியே எழுதிவிட்டேன். அந்தத் தாள் இன்றும் அந்தச் சுவரில் இருக்கிறது. இன்னும் பதினேழு சொற்களுக்கு எனக்குத் தமிழ் அமையவில்லை. பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவோ மாமாவோ உங்களில் பலருக்கு இருப்பார்கள். எர்த் கம்பியின் முனையில் அழுத்திப் பொருத்தும் ‘லக்’குக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.