ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்கணுமா? அதோட மாயக்கதையைப் படிங்க

1/
"டாக்டர், என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனை..."

ஓ.பி.யில் அடிக்கடி யாராவது இப்படி ஆரம்பிப்பாங்க. அந்த ஃப்ரெண்ட் யாருன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ஆனா அந்த ஃப்ரெண்ட் இல்லாம அவரால வாயே திறக்க முடியாது.

2/
நாடுகளும் இப்படித்தான்.

நேரா சொல்ல முடியாததை, சொன்னா ஜெயிலுக்குப் போக வேண்டியதை, சொல்லக் கூசுறதை எல்லாம் பூதத்து மேலயும் வேற்றுகிரகத்து மேலயும் ஏத்திச் சொல்லும். அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் ஒரு நாட்டோட "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனை".

3/
அதனால என் கருத்து இதுதான்: ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்க டூர் வீடியோவும் செய்தி சேனலும் போதாது. அந்த நாட்டுக்காரர் எழுதின ஒரு கற்பனை நாவலையாவது படிங்க.

சும்மா சொல்லலை. ஒரு தப்பு பண்ணிட்டு, அப்புறம் கத்துக்கிட்டது. முழுசா படிங்க 👇

4/
பல வருஷம் முன்னாடி, நான் பி.ஜி. படிச்சுட்டிருந்த காலம். ஈராக்கிலிருந்து ஒரு இளைஞர் சிகிச்சைக்கு வந்திருந்தார். குண்டுவெடிப்பில் அடிபட்ட கால். எலும்பு வரை சீழ். காலை எடுத்தாதான் உயிர் தங்கும்ங்கற நிலைமை. கூட வயசான அப்பா மட்டும்.

5/
கையெழுத்து வாங்கும்போது அந்த அப்பா ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எடுக்கிற காலை தன்கிட்ட தருவீங்களான்னு கேக்கறார்."

நான் யோசிக்கவே இல்லை. "அது மருத்துவக் கழிவு. மஞ்சள் பையில போய் எரிச்சுடுவாங்க. ரூல்ஸ்." அவ்வளவுதான் என் பதில்.

6/
அவர் எதுவும் பேசலை. கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, பையன் பிழைச்சான், ஊருக்குப் போயிட்டாங்க.

மேலதிகாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கணும்னு கூடத் தோணலை. ஈராக்னா எனக்கு சதாம், எண்ணெய், டிவில குண்டு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

7/
சில வருஷம் கழிச்சு ஒரு நாவல் கைக்கு வந்தது. அகமது சாதாவி எழுதிய 'பாக்தாத்தில் ஃபிராங்கன்ஸ்டைன்'. அரபியில் 2013-ல் வந்து, 2014-ல் அரபு புனைவுக்கான சர்வதேசப் பரிசு வாங்கியது.

பேய்க்கதைன்னு நினைச்சுப் படிக்க ஆரம்பிச்சேன்.

8/
2005, பாக்தாத். தினமும் குண்டு வெடிக்குது. ஹாதின்னு ஒரு பழைய சாமான் வியாபாரி. வெடிச்ச இடங்கள்ல கிடக்கிற உடல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துட்டு வந்து, ஒண்ணோட ஒண்ணு தைச்சு ஒரு முழு உடம்பு ஆக்குறான்.

எதுக்கு?

9/
குப்பையோட குப்பையா போயிடக் கூடாது. முழு மனுஷனா இருந்தா மரியாதையா அடக்கம் பண்ணுவாங்க. அதுக்காக.

இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சுட்டேன். அந்த அப்பா கேட்டது ஒரு காலை இல்லை. மகனோட உடம்புல ஒரு பகுதிக்கு ஒரு அடக்கத்தை.

10/
அடுத்த நாள் வார்டு உதவியாளர் ஒரு பாய்கிட்ட சொன்னேன். அவர் சாதாரணமா, "எங்க வீட்லயும் அப்படித்தான் சார். மாமாவுக்கு சுகர்ல கால் எடுத்தப்போ கேட்டு வாங்கிப் புதைச்சோம்"னார்.

பக்கத்துலயே இருந்த விஷயம். எனக்கு அது பாக்தாத் வழியா சுத்தி வந்து சேர வேண்டியிருந்தது.

11/
கதை அங்கே நிக்கலை. அந்த உடம்புக்கு உயிர் வருது. தன் ஒவ்வொரு உறுப்பும் யாரோடதோ, அவங்களைக் கொன்னவங்களைப் பழிவாங்கக் கிளம்புது. பழி தீர்ந்த உறுப்பு அழுகி விழுந்துடுது. நிலைச்சு நிக்க புது உறுப்பு வேணும். கடைசியில் குற்றவாளிகளோட சதையும் உள்ளே வந்துடுது.

12/
இப்போ சொல்லுங்க. யார் பாதிக்கப்பட்டவன், யார் கொலைகாரன்னு பிரிக்க முடியாமப் போறதுதானே உள்நாட்டுப் போர்?

நான் பார்த்த செய்தியெல்லாம் எத்தனை பேர் செத்தாங்கன்னு சொல்லுச்சு. இருக்கிறவங்களுக்குள்ள என்ன ஆச்சுன்னு இந்தப் பூதம்தான் சொல்லுச்சு.

13/
அதுக்கப்புறம் இதே பழக்கமாயிடுச்சு. ஒரு நாடு செய்தியில வந்தா, அந்த நாட்டு மாயக்கதை ஏதாவது கிடைக்குமான்னு தேடுவேன். தேடினா ஒரு ஆச்சரியம்: எழுதினவங்கள்ல நம்ம தொழில்காரங்க நிறைய பேர்.

14/
எகிப்து. அகமது காலித் தவ்ஃபிக். தாந்தா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரா இருந்தவர். 1993-லிருந்து மலிவு விலைப் பாக்கெட் நாவல்களா பேய்க்கதை எழுதி ஒரு தலைமுறையையே வாசகர்களாக்கினவர். அவரோட ஹீரோவும் ஒரு டாக்டர்தான். வயசான, நோயாளி டாக்டர் 🙂

15/
2008-ல் 'யுட்டோப்பியா'ன்னு ஒரு நாவல் எழுதினார். கதை நடக்கிறது 2023-ல். பணக்காரங்க எல்லாம் வடக்குக் கடற்கரையில் மதில் கட்டின ஒரு நகரத்துக்குள்ள. காவலுக்கு அமெரிக்க மரீன்கள். மத்த எகிப்து முழுக்க வெளியே, தண்ணி இல்லாம, மருந்து இல்லாம.

உள்ளே இருக்கிற பசங்களுக்கு போரடிக்குது. பொழுதுபோக்குக்கு வெளியே போய் ஏழைகளை வேட்டையாடறாங்க.

16/
2011 ஜனவரியில் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பினப்போ உலகமே ஆச்சரியப்பட்டுச்சு. இந்த நாவலைப் படிச்சவங்களுக்கு அவ்வளவு ஆச்சரியமா இருந்திருக்காது.

அவர் ஜோசியம் சொல்லலை. ஊசி குத்துற இடத்துல வலிக்குதான்னு பார்க்கிற டாக்டர் மாதிரி, எங்கே வலிக்குதுன்னு சொன்னார். அவ்வளவுதான்.

17/
ரஷ்யா. மிகயீல் புல்ககோவ், இவரும் டாக்டர். கீவில் 1916-ல் படிச்சு முடிச்சு, கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1925-ல் 'நாயின் இதயம்' எழுதினார். ஒரு தெருநாய்க்கு இறந்துபோன ஒரு திருடனோட பிட்யூட்டரி சுரப்பியையும் விரையையும் பொருத்துறார் ஒரு பெரிய சர்ஜன்.

18/
நாய் மனுஷனாகுது. குடிக்குது, பொய் சொல்லுது. அதுக்கு அரசாங்க வேலையும் கிடைக்குது: ஊர்ல திரியிற பூனைகளை ஒழிக்கிற வேலை!

ஆணையால ஒரே நாள்ல "புது மனிதனை" உருவாக்கிடலாம்னு நம்பின ஆட்சி, இந்த நாயைப் பார்த்து பயந்துச்சு. கையெழுத்துப் பிரதியை போலீஸ் எடுத்துட்டுப் போச்சு. சோவியத்தில் அச்சானது 1987-ல். எழுதி 62 வருஷம் கழிச்சு.

19/
சீனா. லியூ சிசினோட 'மூவுடல் சிக்கல்'. 2015-ல் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் பேசுறது வேற்றுகிரகவாசிகளைப் பத்தி. எனக்கு மறக்காதது கலாச்சாரப் புரட்சி காலத்துக் காட்சி. கூட்டத்துக்கு நடுவே ஒரு இயற்பியல் பேராசிரியரை அடிச்சே கொல்றாங்க. மகள் பார்த்துட்டு நிக்கிறாள்.

20/
அந்த மகள் பின்னாடி வேற்றுகிரகத்தை இங்கே கூப்பிடுறாள். மனுஷங்க தானா திருந்த மாட்டாங்கன்னு முடிவு பண்ணிடுறாள்.

கவனிங்க: சீனப் புத்தகத்துல அந்தக் காட்சி நடுவுல இருக்கு. ஆங்கிலத்துல முதல் அத்தியாயமாவே வருது. எந்த இடத்துல ஒரு வலியை ஒளிச்சு வைக்கணும்ங்கறதுகூட ஒரு நாட்டைப் பத்தி நமக்குச் சொல்லும்.

21/
தூரத்துக்குப் போக வேண்டாம். இலங்கை. 2022 புக்கர் பரிசு வாங்கின ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்'. போர்ப் புகைப்படக்காரர் ஒருத்தர் செத்து எழுந்து பார்த்தா, மேலுலகம் நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கு. கூட்டம், டோக்கன், ஃபார்ம்!

22/
சிரிச்சுட்டே போனா, அவர் ஒளிச்சு வச்ச படங்கள்ல 1983 கொழும்பு இருக்கு. தமிழர்களை எரிச்ச கும்பல் இருக்கு, வேடிக்கை பார்த்தவங்க இருக்காங்க. எழுதினவர் ஒரு சிங்களவர்.

உயிரோட இருக்கிறவங்க சாட்சி சொல்ல முடியாத நாட்டுல, பேயைத்தான் சாட்சிக் கூண்டில் ஏத்தணும்.

23/
"கதை தானே டாக்டர், வரலாறு படிக்கலாமே"ன்னு கேட்பீங்க. கண்டிப்பா படிங்க. வரலாறு ஸ்கேன் ரிப்போர்ட். இந்த நாவல்கள் நோயாளி சொல்ற வார்த்தை. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துட்டு ஆளைப் பார்க்காத டாக்டர்கிட்ட நீங்க போவீங்களா?

24/
ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு, ஒரு நோயாளியை வச்சு ஊருக்கே வியாதின்னு எழுத மாட்டோம். ஒரு நாவல் ஒரு நாடு ஆகாது.

ரெண்டு, நம்ம கைக்கு வர்றது ஆங்கிலத்துக்குப் போனது மட்டும்தான். போகாதது எவ்வளவோ. அதனால ஒரு புத்தகம் படிச்சுட்டு நிபுணர் ஆகிடாதீங்க. கேள்வி கேட்கத் தெரிஞ்சா போதும்.

25/
எந்த நாட்டுல ஆரம்பிக்கறது? ஒரு வழி சொல்றேன். எந்த நாட்டுப் பேரைக் கேட்டதும் உங்க மனசுல ஒரே ஒரு படம் வருதோ, அங்கே ஆரம்பிங்க. எனக்கு அது ஈராக். உங்களுக்கு?

26/
இப்போ ஒரு உறுப்பை எடுக்கறதுக்கு முன்னாடி, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன்: "எடுத்ததை என்ன செய்யணும்னு உங்களுக்கு ஏதாவது விருப்பம் இருக்கா?" நிறைய பேர் இல்லம்பாங்க. சிலர் கண் கலங்கி, "கேட்டீங்களே"ம்பாங்க.

அந்த அப்பாகிட்ட கேட்க முடியாமப் போச்சு.

27/
நீங்க படிச்ச ஒரு வெளிநாட்டு மாயக்கதை, அது அந்த நாட்டைப் பத்தி உங்க எண்ணத்தை மாத்தியிருந்தா, கீழே எழுதுங்க. அடுத்து படிக்க எனக்கும் ஆகும்.