தேசப்படமும் வாய்மையும்

தேசப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டுவது என்பது பலரது எண்ணம். நூலில் எழுதப்பட்ட கருத்தொன்றை மறுத்துரைக்க முன்வருவோர் பலர். சுவரிலே தொங்கும் படமொன்றை மறுத்துரைக்க முன்வருவோர் மிகச் சிலர். கோட்டினாலும் நிறத்தினாலும் கூறப்படுவதும் ஒரு கூற்றே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். எழுதுவோன் தன் எழுத்துக்குப் பொறுப்பாதல் போலப் படம் வரைவோனும் தன் படத்துக்குப் பொறுப்பாவான். அப்பொறுப்பை எமது மாணவர் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

முதற்கண் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டிய நில அளவைத் திணைக்களப் படங்களை வகுப்பிலே விரித்துப் படித்த பழைய மாணவர் பலர் உளர். அவற்றின் பின் வந்த படங்கள் 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தவை. இவ்வளவுத்திட்டத்தில் நிலத்திலுள்ள 50 மீற்றர் படத்தில் ஒரு மில்லிமீற்றர் ஆகும். ஆறு மீற்றர் அகலமுள்ள தெருவை உள்ளவாறே வரைவதாயின், ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கு தடிப்புள்ள கோடே போதும். மூன்று மீற்றர் அகலமுள்ள கிணறோ கண்ணுக்கே புலனாகாது. ஆதலால் வரைவோன் தெருவைப் பருப்பித்து வரைகின்றான். கோயிலுக்கும் பாடசாலைக்கும் குறியீடு இடுகின்றான். வீட்டுக் கிணறுகளை விட்டுவிடுகின்றான். இவை குற்றங்களல்ல. விடுதலும் மிகுத்தலும் இன்றிப் படம் இல்லை. எதை விட்டான், எதை மிகுத்தான், எதன்பொருட்டு அவ்வாறு செய்தான் என்பனவே நாம் கேட்கவேண்டிய வினாக்கள்.

நோக்கம் மாறினாற் படமும் மாறவேண்டும் என்பதற்கு மேக்கேற்றர் 1569ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகப்படம் தக்க சான்றாகும். ஒரே திசையை நோக்கிச் செல்லும் கப்பலின் வழி அதில் நேர்கோடாக அமையும். மாலுமிக்கு அது பெரும் பேறு. அவ்வசதியின் விலையாக, துருவங்களை அணுக அணுக நிலப்பரப்புக்கள் பெருத்துத் தோன்றும். கிறீன்லாந்தைப்போல் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பரப்புடைய ஆபிரிக்கா, அப்படத்தில் கிறீன்லாந்துக்குச் சமமானதுபோற் காணப்படும். பிழை மேக்கேற்றருடையதன்று. கடலோடிக்கென வரைந்ததை வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டு, நாடுகளின் பருமையை அதிலிருந்து கற்பித்தோரின் பிழையே அது.

இனி, நன்கு வரைந்த படம் செய்யவல்ல நன்மையைக் காண்போம். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி மூண்டு, பத்து நாட்களுக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நச்சுக்காற்றே நோயைப் பரப்பும் என அக்கால மருத்துவருட் பெரும்பாலார் நம்பினர். நீர்வழியே அது பரவும் என 1849ஆம் ஆண்டிலேயே எழுதிய யோன் சினோ என்னும் மருத்துவர், இறந்தோரை வீடுவீடாகக் கணக்கெடுத்து, ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு கருங்கோடாகத் தெருப்படத்திற் குறித்தார். நீர்க்குழாய்களின் இடங்களையும் குறித்தார். புறோட் வீதிக் குழாயைச் சூழ அக்கோடுகள் அடர்ந்து நின்றன. அருகிலிருந்த மதுவடிசாலையின் தொழிலாளர் அக்குழாய் நீரை அருந்தாமையால் தப்பினர் என்பதையும் அவர் விசாரித்து அறிந்தார். படம் அவருக்கு உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. அவர் ஆய்ந்து அறிந்ததைப் பிறர் கண்ணுக்குப் புலனாக்கியது. அதே மரணங்களைக் கழிவுநீர்க் கால்வாய்களோடு சேர்த்துக் குறித்த வேறு படங்களும் அக்காலத்தில் எழுந்தன. அவற்றை வரைந்தோர் குழாயை நாடவில்லை. எதன் அருகே எதை வைத்துக் காட்டுகின்றோமோ அதனையே கண் காணும்.

சோகோவின் கதையை யாம் எடுத்துரைத்தது வாளா அன்று. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அந்நீரே எமது கிணறுகளில் ஊறுவது. தோட்டங்களிலே மிகையாக இடப்படும் பசளையும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே கல்லினூடே இறங்குகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய கேட்டினை ஊரார்க்குப் புலப்படுத்துவதற்குப் படத்தினும் சிறந்த கருவி வேறு உண்டோ?

ஆயின் எத்தகைய படம்? பாவனையாக ஒரு பிரிவிற் பத்துக் கிணறுகளைக் கொள்வோம். எட்டில் நைத்திரேற்று இருபது, இரண்டில் நூற்றிருபது. சராசரி நாற்பது. வரையறை ஐம்பதாகலின், அப்பிரிவு முழுவதற்கும் பச்சை நிறந் தீட்டுவோன் கணக்கிற் பிழை செய்தானல்லன். ஆனால் இரண்டு வீட்டுக் குழந்தைகளை மறைத்துவிட்டான். ஒவ்வொரு கிணற்றையும் புள்ளியாகக் குறித்திருந்தால் அவ்விரண்டும் செம்மையாய்த் தோன்றியிருக்கும். அளவையே செய்யாத பிரிவுக்கும் பச்சை நிறந் தீட்டுதல் அதனினும் பெரும் பிழை. அறியப்படாதது வேறு, தீங்கற்றது வேறு. அறியாத இடத்தை வெறுமையாக விடுவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

கிணற்றைப் புள்ளியாகக் குறித்தால் வீட்டாருக்கு இழுக்கு உண்டாகும், காணியின் விலை குறையும் எனச் சிலர் மறுக்கக்கூடும். இம்மறுப்பை யாம் புறக்கணிக்கவில்லை. முடிவை முதலில் வீட்டாருக்கே தனியாக அறிவித்தல் வேண்டும். பொதுமக்களுக்கான படத்தில் வீடு புலப்படாவகை ஊரைச் சிறு சதுரங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிணறு சோதிக்கப்பட்டது, எத்தனை வரையறையைக் கடந்தது என்பவற்றை எழுதலாம். நாணமும் காக்கப்படும், உண்மையும் காக்கப்படும்.

கணினியே நொடிப்பொழுதிற் படம் வரைந்து தரும் இக்காலத்தில் மாணவருக்கு இப்பயிற்சி எதற்கு என்பாரும் உளர். கணினி கையின் உழைப்பைக் குறைக்கும். தெரிவின் பொறுப்பைக் குறைக்காது. எத்தனை வகுப்பாகப் பிரிப்பது, எவ்வெல்லையில் நிறத்தை மாற்றுவது, எதை விடுவது என்பவற்றைக் கணினி தானே முடிவு செய்யும்படி விடுவோர், தம் பெயரிற் பிறிதொன்று பேச இடங்கொடுத்தோராவர். படம் எளிதிற் பிறக்கும் காலத்திலேதான் அதனை ஐயுற்று நோக்கும் கண் மிகவும் வேண்டற்பாலது.

ஆகவே இவ்விழா ஆண்டில் எமது கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆயத்தமான புறவுருப் படத்தில் ஆறுகளையும் நகரங்களையும் குறித்துப் புள்ளி பெறுவதோடு மாணவரின் படக்கல்வி முடிந்துவிடலாகாது. மேல்வகுப்பு மாணவர், ஆசிரியரின் வழிகாட்டலில், கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களின் கிணறு, கேணி, குளம், துரவு என்பவற்றைத் தாமே நடந்து கண்டு குறிப்பாராக. இரசாயன ஆய்வுகூடம் நீரைச் சோதிக்கட்டும். புவியியல் வகுப்பு படத்தை வரையட்டும். தமிழ் வகுப்பு ஊரார்க்கு விளங்கும் நடையில் விளக்கக் குறிப்பு எழுதட்டும். கோடைக்கு ஒன்றும் மாரிக்கு ஒன்றுமாக ஆண்டுதோறும் இதனைச் செய்துவரின், சில ஆண்டுகளில் வேறெவரிடமும் கிடையாத ஓர் ஏடு கல்லூரியிலே திரளும். கருவிகளுக்கும் சோதனைக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவர் ஏற்றல் தகும். மண்டபம் கட்டிக் கொடுத்தோரை நாம் போற்றுவது முறையே. ஊரின் நீரை அறிய உதவியோரையும் ஊர் போற்றும்.

அப்படத்தின் அடியிலே, வரைந்தோர் பெயரும், அளந்த நாளும், அளக்காது விட்ட இடங்களும் தவறாது எழுதப்படல் வேண்டும். இம்மூன்றும் உள்ள படம் வாய்மையுடைய படம். அத்தகைய படங்களை வரையவும், அவை இல்லாத படங்களைக் கண்டவிடத்து அஞ்சாது வினாவவும் வல்ல மாணவரை எமது கல்லூரி உருவாக்குக.