துடைப்பமேறி வரும் கிழவி

இத்தாலி நாட்டுச் சிறுவர்க்கு ஜனவரி 5ஆந் திகதி இரவு நித்திரை வருவது அரிது. அன்றிரவுதான் பெபானா என்னுங் கிழவி துடைப்பத்தின் மீதேறி வான்வழியே வந்து, புகைபோக்கியினூடாக வீட்டினுள் இறங்கி, அடுப்பங்கரையில் தொங்கும் காலுறைகளில் இனிப்பும் பழமும் இட்டுச் செல்வாளாம். குறும்பு செய்த பிள்ளையின் காலுறையில் கரித்துண்டே கிடக்கும். இக்காலத்தில் அக்கரியையுஞ் சீனியாற் செய்து விற்கிறார்கள். இத்தாலியப் பெற்றோரின் கண்டிப்பு எத்தகையது என்பது இதனாற் புலனாகும்.

தேவதை என்றதும் வெண்சிறகும் பொன்முடியும் நம் நினைவுக்கு வரும். பெபானாவுக்கோ வளைந்த மூக்கு, கிழிந்த சால்வை, கரி படிந்த முகம். மறுநாள் வரும் மூவிராசாக்கள் திருநாளுக்கு இத்தாலியர் இட்ட 'எப்பிபானியா' என்னும் பெயரே மக்கள் வாயில் தேய்ந்து அவள் பெயராயிற்று. மார்க்கே மாநிலத்திலுள்ள உர்பானியா என்னுஞ் சிற்றூர், அவள் எங்கள் ஊரவளே என்று உரிமை பாராட்டி ஆண்டுதோறும் விழா எடுக்கிறது.

அவள் ஏன் வருகிறாள் என்பதற்கும் ஒரு கதையுண்டு. கிறிஸ்து பாலனைத் தேடிச் சென்ற ஞானிகள் மூவர் அவளிடம் வழி கேட்டனர். உடன் வருமாறும் அழைத்தனர். வீட்டில் வேலை கிடக்கிறது என்று அவள் மறுத்துவிட்டாள். பின்னர் மனம் பொறாது, பண்டங்களை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஞானிகளையுங் காணவில்லை, பாலனையுங் காணவில்லை. அன்றுதொட்டு, இந்த வீட்டுப் பிள்ளைதான் அவனோ என்ற ஐயத்தில் வீடுதோறும் பரிசு வைத்துப் போகிறாள்.

ஆசிரிய நண்பரொருவர் இதனைக் கேட்டு, "பிள்ளைகளுக்குப் பொய் புகட்டும் வேலை" என்றார். எனக்கு அப்பொய்யிற் குறையில்லை, கரியிலேதான் குறை. எந்தப் பிள்ளை அந்தப் பாலன் என்று அறியாமையினாலன்றோ அவள் எல்லார்க்கும் அளிக்கிறாள்? அறியாதவள் எவ்வாறு நல்ல பிள்ளை, தீய பிள்ளை என்று தரம் பிரிப்பாள்? கதையின் உயிருக்கே முரணானது அக்கரி. பிள்ளைகளை அடக்க வழி தேடிய மூத்தோர் யாரோ பின்னாளிற் சேர்த்தது போலவே எனக்குத் தோன்றுகிறது.

கரியினுங் கொடிய ஒட்டு ஒன்றும் பின்னர் நேர்ந்தது. 1928ஆம் ஆண்டு முசோலினியின் ஆட்சி 'பாசிசப் பெபானா' என்றொரு திட்டத்தைத் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்சியின் பேரால் பரிசுப் பொதிகளை வழங்கலாயிற்று. ஏழைப் பிள்ளை பொம்மை பெறுவது நன்றுதானே என்பார் உளர். நன்றுதான். ஆயின், கிழவி இருளில் வந்து, எவர் கண்ணிலும் படாது, விடியுமுன் மறைகிறாள். அதனால் காலையிற் காலுறையை அவிழ்க்கும் பிள்ளை எவர் முன்னுந் தலைகுனிய வேண்டியதில்லை. கட்சியோ மண்டபத்திலே மேடையிட்டு, பலர் காணக் கொடுத்தது. பொதியோடு நன்றிக்கடனும் பிள்ளையின் கையில் ஏறியது. பெற்றோரின் வறுமையும் ஊரறிய வெளிப்பட்டது. இருளில் வருபவளை மேடையேற்றியபின் அவள் பெபானா அல்லள்.

அவ்வாட்சி வீழ்ந்தது; கிழவி பிழைத்துக்கொண்டாள். வேலைநாட்களைப் பெருக்குவதற்காக 1977இல் அத்திருநாளின் அரசாங்க விடுமுறையை நீக்கினார்கள். 1985ஆம் ஆண்டின் இறுதியில் அதனை மீட்டுக் கொடுத்தார்கள்.

இவ்வளவையுங் கேட்ட நண்பர், கரியை நீக்கிவிட்டு இக்கதையை ஐந்தாம் வகுப்பிலே சொல்லிப் பார்க்கலாம் என்று இசைந்திருக்கிறார். நம்மூர் வீடுகளிற் புகைபோக்கியும் இல்லை, காலுறையும் இல்லை. பிள்ளைகள் கேட்டால் என்ன விடை சொல்வது என்பதே இப்போது அவர் கவலை.