ஆணிப் பெட்டியும் கப்பிக் கயிறும்

உள்ளே ஆணிகள் பதித்த ஆளுயர இரும்புப் பெட்டியின் படம் ஒன்று நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகிறது. ஸ்பெயின் முஸ்லிம்களை இதில் அடைத்துத்தான் பாதிரிகள் கொன்றார்கள் என்று கீழே குறிப்பும் இருக்கும். இடைக்காலத்தில் அப்படியொரு பெட்டி இருந்ததற்கு ஆதாரமில்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கட்டிவிடப்பட்ட கதை அது. விசாரிக்காமல் செய்தி பரப்புவதை மார்க்கம் தடுத்திருக்க, நாமே இதைச் செய்யலாமா? அதற்குத் தேவையும் இல்லை. உண்மையில் நடந்ததே போதுமான கொடுமை.

1492இல் கிரனாடா சரணடைந்தபோது, முஸ்லிம்கள் தம் மார்க்கப்படி வாழலாம் என்று ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது காற்றில் பறந்தது. கட்டாய ஞானஸ்நானம் பெற்ற மொரிஸ்கோக்கள் நோன்பு வைத்தார்கள், பன்றி இறைச்சியைத் தவிர்த்தார்கள் என்றெல்லாம் மத விசாரணை மன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கருவிகள் மிகச் சாதாரணமானவை: கயிறு, கப்பி, துணி, தண்ணீர். கைகளைப் பின்னால் கட்டிக் கப்பியில் தூக்குவார்கள். அல்லது வாயில் துணியை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். எழுத்தர் அருகில் அமர்ந்து அலறலைக்கூடப் பதிவு செய்வார். வதையில் சொன்னதை மறுநாள் 'சுயவிருப்பத்தோடு' உறுதி செய்யவும் வேண்டும்!

இந்தத் தண்ணீர் வதையைத்தான் சிஐஏ நம் காலத்தில் மீண்டும் கையிலெடுத்தது. காலித் ஷேக் முஹம்மது மீது மட்டும் குறைந்தது 183 முறை தண்ணீர் ஊற்றப்பட்டதை 2014இல் வெளியான அமெரிக்க செனட் அறிக்கை பதிவு செய்கிறது. இதை நாம் மேடைதோறும் பேசினோம். சரிதான்.

ஆனால் கப்பிக் கயிறு எங்கே போனது? அஸதின் சிரியச் சிறைகளுக்குப் போனது. மணிக்கட்டைக் கட்டித் தொங்கவிடும் அந்த வதைக்கு அங்கே 'ஷபஹ்' என்று பெயர். ஸைத்னாயா சிறையில் 2011 முதல் 2015 வரை 5,000 முதல் 13,000 பேர் வரை தூக்கிலிடப்பட்டதாக அம்னெஸ்டி 2017இல் கூறியது. தொங்கியவர்களும் முஸ்லிம்கள், கயிற்றை இழுத்தவர்களுக்கும் முஸ்லிம் பெயர்கள். இஸ்ரேலை எதிர்க்கும் அரசு என்று சொல்லி நம்மில் சிலர் வாய்மூடி இருந்தார்கள். 2024 டிசம்பரில் சிறைக் கதவுகள் திறந்த பிறகே பலருக்கும் பேச்சு வந்தது.

ஷாம் தேசத்தில் வரிக்காகச் சில விவசாயிகளை வெயிலில் நிறுத்தியிருந்ததை ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) கண்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இவ்வுலகில் மக்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என நபி (ஸல்) எச்சரித்ததை ஆளுநர் உமைர் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடமே நேரில் சென்று சொன்னார்கள். ஆளுநர் அந்த விவசாயிகளை விடுவிக்க உத்தரவிட்டார்கள்.