சுனிலுக்குப் பிறகும் ஜிப்சீஸ்

ஜிப்சீஸ் இசைக்குழு என்றால் பாடகர் சுனில் பெரேரா என்றே கொழும்பு பழகிவிட்டது. 2021 செப்டெம்பரில் அவர் மறைந்ததோடு அந்தப் பெயரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1969இல் தந்தை அன்ரன் பெரேரா பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய குழு அது. தம்பி பியல் தொடர்வதே முறை. ஆனால் அண்ணனைப் போலப் பாடும்படி அவரைக் கேட்காதீர்கள். அரசியல்வாதிகளைப் பாட்டிலும் பேட்டியிலும் தயங்காமல் விமர்சித்த அந்தக் குரல் சுனிலுக்கே உரியது. என் ஆதங்கம் வேறு. பின்வரிசையில் கிற்றாரும் ட்ரம்ஸும் வாசித்து விலகிப்போனவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளவத்தைக் கலியாண மண்டபங்களிலும் கொட்டாஞ்சேனைத் திருவிழாக்களிலும் வாசிக்கும் நம்மவர் குழுக்களுக்கும் இதே கதிதான். எந்த ஆண்டில் யார் கீபோர்ட் வாசித்தார் என்பதை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே குழுக்கள் எழுதி வைக்கட்டும்.