புயலுக்கு முன் எழுத வேண்டிய கணக்கு

காவேரி டெல்டாவின் கடலோரத் தாலூகாக்களில் புயல் அடித்து ஓய்ந்ததும் கணக்கெடுப்பு தொடங்குவது வழக்கம். விழுந்த மரங்கள் எத்தனை, மூழ்கிய நிலம் எத்தனை ஏக்கர், இடிந்த வீடுகள் எத்தனை என்று கிராமந்தோறும் எழுதிக் கொள்ளுகிறார்கள். நிவாரணம் வழங்க இக்கணக்கு அவசியமே. ஆனால் இது நஷ்டத்தின் கணக்கேயன்றி அபாயத்தின் கணக்கன்று. அபாயத்தின் கணக்கைப் புயலுக்கு முன்னரே எழுதி வைத்தல் வேண்டும்.

'காற்று எந்த ஊரில் அடிக்கும் என்று யார் சொல்ல வல்லார்?' எனக் குடியானவர் கேட்பதுண்டு. நாளைச் சொல்ல இயலாது என்பது மெய். ஆயினும் பருவமும் பிரதேசமும் யாவரும் அறிந்தவையே. 1952-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதியும், 1977-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதியும் நாகப்பட்டினத்திற்கு அண்மையில் கடும் புயல்கள் கரை கடந்தன. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரணியத்திற்கு அருகே கரையேறிற்று. இங்ஙனம் ஒரே மாதத்தில் ஒரே கரையை மீண்டும் மீண்டும் தாக்கும் ஆபத்தை எதிர்பாராத விபத்தென்று கூறுதல் தகாது.

அபாயத்தை மதிப்பிடுங்கால் மூன்று விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்: காற்றும் நீரும் எவ்வளவு கடுமையாக வரக்கூடும், அவற்றின் வழியில் நிற்பவை எவை, விழுந்தவை மீண்டும் எழ எத்தனை காலம் செல்லும். மூன்றாவதையே பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். சம்பா நெல் அழிந்தால் ஒரு போகம் போகும். நெட்டைத் தென்னை சாய்ந்தாலோ, புதிய கன்று காய்ப்புக்கு வரவே 6 அல்லது 7 வருஷங்களாகும். கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. தென்னை ஒன்றையே நம்பியிருந்த குடும்பத்தார் இழந்தது ஒரு வருஷத்து வருமானத்தை மட்டுமன்று.

கிராமக் கணக்கில் எழுத வேண்டியவை பலவல்ல. பள்ளமான நிலங்கள் எவை. வடிகால் எங்கே தூர்ந்துள்ளது. கடல்நீர் எதுவரை ஏறக்கூடும். ஓட்டு வீடும் கூரை வீடும் எத்தனை. உறுதியான கட்டிடம் எவ்வளவு தூரத்திலுள்ளது. எந்தக் குடும்பம் ஒரே பயிரை நம்பியிருக்கிறது. பயிர் இன்ஷூரன்ஸ் செய்தவர் யார், செய்யாதவர் யார். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோது கடல்நீர் ஏறிய வயல்களை, ஜிப்சமிட்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், நல்ல நீரால் உப்பைக் கழுவியும் சீர்ப்படுத்த வேண்டியிருந்தது. நீர் எதுவரை வந்தது என்பதை அவ்வூர் முதியோர் கைகாட்டிச் சொல்லுவர். அதனை ஏட்டில் ஏற்றாவிடில் அவர்களோடு அந்த அறிவும் மறைந்துபோம்.

இக்கணக்கு சிலருக்குக் கசக்கும். வடிகாலை ஆக்கிரமித்தவர் எவர் என்பது அதில் வெளிப்படும். மேட்டு நிலம் வசதியுடையோரிடத்தும், பள்ளமும் குடிசையும் கூலியாட்களிடத்தும் இருப்பது வெட்டவெளிச்சமாகும். அக்காரணம் பற்றியே அதனை எழுதுதல் வேண்டும். காற்று எல்லோர்க்கும் பொதுவாக வீசினும் நஷ்டம் பொதுவாக விழுவதில்லை. எவர்க்கு முதலில் அபாயம் என்று அறியாத கிராமத்தில், எவர்க்கு முதலில் உதவுவது என்பதும் விளங்காது.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டுமென்பது பழமொழி. கோடையில் வயல் காய்ந்து வடிகாலின் அடிமண் தெரியும் சமயமே இக்கணக்கிற்கு ஏற்றது. கிராமத்தார் கூடி, அதிகாரிகளின் துணையுடன், ஆடி பிறக்குமுன் அதை முடித்து, ஊர்ச் சாவடியில் யாவரும் காணும்படி வைப்பார்களாக. ஐப்பசியில் வானம் கறுத்த பின்னர் ஏட்டைத் திறப்பதில் பயனில்லை.