மாடிக்கு ஒரு நியாயமா?



போன செமஸ்டரில் பில்டிங் டிராயிங் பாடத்துக்கு ஒரு மாடி வீட்டின் பிளான் போட்டேன். நல்ல மார்க்! எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பெருமையாக அம்மாவிடம் விரித்துக் காட்டினேன். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பிளான் புரியும். மாடிப்படிக்குக் கீழே நான் போட்டிருந்த சின்ன அறையில் விரலை வைத்து, "இதுல யாருடா படுப்பா?" என்றாள்.

"வேலைக்காரங்கம்மா."

"சன்னலக் காணோமே?"

எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் நூலகத்தில் ஜார்ஜியன் வீடுகளைப் பற்றிப் படித்தேன். 1714 முதல் 1830 வரை பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஜார்ஜ் என்ற பெயருள்ள நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டடப் பாணிக்கு அதுவே பெயர். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், வரிசையாக ஒரே மாதிரி செங்கல் முகப்பு, மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சன்னல்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஹென்ரியட்டா தெருவில், 1740-களின் கடைசியில் கட்டிய 14-ஆம் எண் வீடு இதற்கு ஓர் உதாரணம்.

இவ்வகை வீட்டின் எலிவேஷனைப் பார்த்தாலே யாருக்கு எந்த இடம் என்று சொல்லிவிடலாம். விருந்தினர் கூடும் முதல் மாடிக்கு ஆளுயரத்தை மிஞ்சும் சன்னல். மேலே போகப் போகச் சன்னல் குட்டையாகும். சமையல், தரைக்குக் கீழே உள்ள தளத்தில். அங்கிருந்து தண்ணீரையும் நிலக்கரியையும் வேலைக்காரர்கள்தான் மாடிமாடியாகச் சுமந்தார்கள். அளவு விகிதம் கண்ணுக்கு அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். சுமந்தவர்களின் முதுகைக் கேட்டால் என்ன சொல்லும்?

1801-ல் அயர்லாந்தின் பாராளுமன்றம் இல்லாமல் போனபின், பணக்காரர்கள் மெல்ல மெல்ல டப்ளினைக் காலி செய்தார்கள். 1877-ல் 14-ஆம் எண் வீட்டின் சொந்தக்காரர் பெரிய மாடிப்படியையே பிடுங்கிவிட்டு, அந்த இடத்தையும் அறைகளாக்கி வாடகைக்கு விட்டார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஒரே வீட்டில் 100 பேர்! 1913 செப்டம்பரில் அதே நகரின் சர்ச் தெருவில் இப்படி ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இரண்டு வீடுகள் இடிந்து விழுந்து 7 பேர் இறந்தார்கள்.

'அழகான வீட்டை ஏழைகள் பாழாக்கிவிட்டார்கள்' என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்ப மாட்டேன். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் நூறு பேரை அடைத்தது யார்? குடியிருந்தவர்களா, வாடகை வாங்கியவர்களா? 2018-ல் அந்த வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பிரபுக்கள் காலத்துச் சுண்ணாம்பு வேலைப்பாட்டோடு, வாடகைக் குடும்பங்கள் காலத்து நீலமும் சிவப்பும் பூசிய சுவரையும் சுரண்டாமல் காட்டுகிறார்கள். அதுதான் நியாயம்.

நான் என் பிளானை மறுபடி எடுத்தேன். அந்த அறையை வெளிச்சுவர்ப் பக்கம் தள்ளி, மூணடிக்கு நாலடி சன்னல் வைத்தேன். வரவேற்பறை கொஞ்சம் சுருங்கிப்போச்சு. சுருங்கட்டுமே!

நாளைக்கு நாம் போடும் கோட்டில்தான் யாரோ வாழப்போகிறார்கள். உங்கள் பிளானில் அந்தச் சின்ன அறைக்குச் சன்னல் இருக்கிறதா? ஒருமுறை விரித்துப் பாருங்கள் தோழர்களே!

— இரண்டாம் ஆண்டு, சிவில்